காதுக்கு முன்னால் ஓடும் படம்

"சிம்பொனியின் ஒவ்வொரு தட்டுக்கும் கார்ட்டூன் பிராணியின் கால் எப்படி இவ்வளவு சரியாக விழுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இத்தாலிய இயக்குநர் புருனோ போசெட்டோவின் ‘அலெக்ரோ நொன் ட்ரொப்போ’ (1976) படத்தைப் பார்த்ததும் எழுந்த கேள்வியாம். மேற்கத்திய செவ்வியல் இசைக்குக் கார்ட்டூன் வரைந்த டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ படத்தை நையாண்டி செய்யும் படம் அது. விண்கலம் விட்டுச்சென்ற குளிர்பான பாட்டிலில் மிஞ்சிய திரவம் உயிர்பெறுகிறது. விதவிதமான பிராணிகளாகப் பரிணமித்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெலின் ‘பொலேரோ’ இசைக்கு அணிவகுத்து நடக்கிறது.

திரைப்படத்துக்கு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பொலேரோவை நிமிடத்துக்கு 72 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 பிரேம் கிடைக்கும். ஆனால் இசைக்குழு கடிகாரம் அல்ல. வேகம் கொஞ்சம் கூடும், குறையும். அதனால் அந்நாளில் இசையை முதலில் பதிவுசெய்து, ஒலி நாடாவை மெல்ல ஓட்டி, எந்தத் தட்டு எந்த பிரேமில் விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றிய பிறகே ஓவியர் பென்சிலை எடுப்பார்.

இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். கால் தரையைத் தொடும் படத்தைத் தட்டு ஒலிக்கும் அதே பிரேமில் வைத்தால், பல சமயம் கால் தாமதமாக விழுவதுபோல் தோன்றும். ஆகவே அனுபவமுள்ள அனிமேஷன் கலைஞர்கள் படத்தை ஒன்றிரண்டு பிரேம் முன்னதாகவே வைத்துவிடுவார்கள். ஒரு பிரேம் என்பது சுமார் 42 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி 14 மீட்டர் கடக்கும். தூரத்தில் துணி துவைப்பவரைப் பாருங்கள்: துணி கல்லில் படுவது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். இயற்கையில் ஒளி முந்துவதே வழக்கம் என்பதால், ஒலி பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்கிறது. முந்தினால் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையும் இதையே எண்ணில் சொல்கிறது: ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார், பிந்தினாலோ 125 வரை தெரியாது. படத்தை இரண்டு பிரேம் முன்னால் தள்ளினால் ஒலி 83 மில்லிநொடி பிந்தும். யாருக்கும் உறுத்தாது. அதையே திருப்பிப் போட்டால் காட்சி கெட்டுவிடும்.

பொலேரோவின் டிரம் தாளத்தில் மும்மூன்றாக வரும் வேகமான அடிகள் உண்டு. அதே 72 வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்றேகால் பிரேமுக்குச் சற்று அதிகம். முழு பிரேமில் அடங்காத இந்த அடிகளை ஓவியத்தால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. 2000ஆம் ஆண்டில் லடன் ஷாம்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓர் அழகான உண்மையைக் காட்டினார்கள்: ஒரே ஒரு முறை பளிச்சிடும் ஒளியுடன் இரண்டு ‘பீப்’ ஒலியைக் கேட்கவைத்தால், பலர் இரண்டு ஒளிகளைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நேர விஷயத்தில் காது சொல்வதைக் கண் கேட்டுக்கொள்கிறது. ஓவியர் விட்ட இடைவெளியை நிரப்புவதும் இந்த இயல்புதான் என்பது என் கணிப்பு.

இத்தகைய ஆய்வுக்குத்தான் பணம் போக வேண்டும் என்பேன். இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று: 1993இல் ஓர் ஆய்வில், மோட்சார்ட் இசை கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு தேர்வில் கொஞ்ச நேரம் சற்று மேலாகச் செய்தார்கள். அது ‘குழந்தையை மேதையாக்கும் இசை’ என்ற மூடநம்பிக்கையாக ஊதிப் பெருக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல், புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். அந்த ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை!

சரி, நையாண்டி எங்கே பிறக்கிறது? தாளத்துக்குத் தட்டச் சொன்னால் நாம் பெரும்பாலும் அடிக்குச் சற்று முன்பே தட்டிவிடுகிறோம். மூளை அடுத்த அடிக்குக் காத்திருப்பதில்லை, ஊகிக்கிறது. பொலேரோவில் ஒரே டிரம் தாளம் 169 முறை மாறாமல் வருகிறது, ஊகம் உறுதிப்பட்டுவிடுகிறது. அந்த அணிவகுப்பில் ஒரு பிராணி மட்டும் அரைத் தட்டு, அதாவது 10 பிரேம், தாமதமாகக் காலை வைத்தால் போதும், அரங்கம் சிரித்துவிடும்.