பால்வாடி டீச்சருக்கு என்னென்ன உண்டு: பயிற்சி முதல் பணிக்கொடை வரை

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. பெரும்பாலானவை கிராமங்களும் பழங்குடிப் பகுதிகளும்தான். நகரத்துக்கு நான்கே இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மும்பையின் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் இந்த மையங்களில் உட்கார்ந்து கஞ்சி குடித்து, பாட்டுப் பாடி, பிறகு பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். ஆவணங்களில் அங்கன்வாடி என்று இருந்தாலும் நம் வீடுகளில் அது பால்வாடிதான். அங்கே வேலை பார்ப்பவரை அரசு ‘சேவிகா’ என்றும் உதவியாளரை ‘மதத்னீஸ்’ என்றும் அழைக்கிறது. நமக்கு அவர்கள் டீச்சரும் ஆயாவும்.

இவ்வளவு பழைய திட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு என்னென்ன சேர வேண்டும் என்பது இன்றும் ஒரே தாளில் கிடைப்பதில்லை. பாதி தில்லியின் வழிகாட்டுதலில் இருக்கிறது; கொஞ்சம் மகாராஷ்டிர அரசின் ஜிஆரில், அதாவது அரசாணையில், இருக்கிறது; மிக முக்கியமான ஒன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், சீத்தா கேம்ப் பக்கங்களில் இந்த வேலையில் இருப்பவர்களும், சேர நினைக்கும் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

முதலில் அடிப்படை. சேவிகா அரசு ஊழியர் அல்லர். அரசின் கணக்கில் அவர் மதிப்பூதியத்துக்குச் சேவை செய்பவர். மும்பை அலுவலகங்களில் இதை ‘மான்தன்’ என்பார்கள். சம்பள விகிதம், அகவிலைப்படி, அரசு ஓய்வூதியம் ஆகியவை கிடைக்காததற்குக் காரணம் இந்த ஒரு சொல்தான். காலையில் மையத்தைத் திறந்து, எடை பார்த்து, பாடம் நடத்தி, உணவு கொடுத்து, கைப்பேசியில் பதிவேற்றி, பிற்பகலில் வீடு வீடாகப் போகிறவரைத் தொண்டர் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது.

பயிற்சி மூன்று வகை, மூன்றும் ஒன்றல்ல

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். ‘டிரெயினிங் முடித்துவிட்டேன், சர்டிஃபிகேட் வந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், எந்தப் பயிற்சி என்று கேட்டுத்தான் அதன் மதிப்பைச் சொல்ல முடியும்.

இப்போது எல்லோரும் அனுப்பப்படும் பயிற்சி ‘போஷண் பி, படாயீ பி’. ஊட்டச்சத்தும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்ற பெயரிலேயே நோக்கம் இருக்கிறது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2023 மே 10 அன்று இதைத் தொடங்கியது. முதலில் மாநில அளவில் முதன்மைப் பயிற்றுநர்களைத் தயார் செய்வார்கள். மேற்பார்வையாளர்களும் திட்ட அலுவலர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் பிறகு சேவிகாக்களுக்கு மூன்று நாள் பயிற்சி தருவார்கள். அதில் கற்றுத்தரப்படும் இரண்டு பாடத்திட்டங்கள் 2024 மார்ச்சில் வெளியாயின. பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கானது ‘நவசேதனா’; மூன்று முதல் ஆறு வயது வரைக்கானது ‘ஆதார்ஷிலா’.

நவசேதனாவை நம்மவர்கள் கவனிப்பது குறைவு. கைக்குழந்தை மையத்துக்கு வருவதில்லை, அதனால் அது நம் வேலை இல்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் அதில் இருக்கும் 140 செயல்பாடுகளும் பெரும்பாலும் வீட்டுக்குப் போகும்போது தாய்க்குக் காட்டித்தர வேண்டியவை: குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, அது எழுப்பும் ஒலிக்குத் திருப்பி ஒலி கொடுப்பது, பாத்திரத்தைத் தட்டி விளையாடவிடுவது போன்றவை. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அப்படியானால் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் வசிக்கும் வீட்டில், தையல் வேலைக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இந்த ஐந்து நிமிட விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதும் கல்விப் பணியே.

ஆதார்ஷிலாவில் 130-க்கும் மேற்பட்ட செயல்பாடுகள் உள்ளன. கதை, பாட்டு, வகைப்படுத்துதல், களிமண், கட்டைகள், வெளி விளையாட்டு என்று வாரத் திட்டமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் நிபந்தனை. ‘ஏபிசிடி எழுதச் சொல்லித்தரவில்லையே’ என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல இந்தப் பாடத்திட்டம் உதவும். நான்கு வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு முதலில் மாவும் மணலும்தான் வேண்டும், பென்சில் பிறகுதான் என்பதை அரசின் பாடத்திட்டத்தைக் காட்டியே சொல்லலாம்.

இரண்டாவது வகை, 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த சேவிகாவுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ. வேலையை விடாமலே, தொலைக்காட்சி அலைவரிசையும் கைப்பேசியும் வழியாகப் படிக்கலாம். மாதம் ஒருமுறையாவது நேரடி வகுப்பு இருக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. மூன்று நாள் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழ் இந்த ஆறு மாதச் சான்றிதழ் ஆகாது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களைக் குறிவைத்துத்தான் ‘பாலர் கல்வி டிப்ளமோ, அங்கன்வாடி வேலை உறுதி’ என்ற நோட்டீஸ்கள் ஒட்டப்படுகின்றன. எந்தத் தனியார் படிப்பும் அங்கன்வாடி வேலையை உறுதி செய்யாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பை அங்கீகரித்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். முன்பருவக் கல்விக்கான ஆசிரியர் டிப்ளமோ என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரே இல்லாத பயிற்சி: மாதாந்திரக் கூட்டம். 2018-இல் போஷண் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கியபோது 21 பாடங்களைச் சிறு சிறு பகுதிகளாக இந்தக் கூட்டங்களில் நடத்தத் திட்டமிட்டார்கள். மேற்பார்வையாளரான ‘முக்ய சேவிகா’ மையத்துக்கு வந்து பார்த்துத் திருத்துவதும் இதில் சேரும். என் கருத்தில் மூன்றில் உண்மையாகப் பயன் தருவது இதுதான். தன் மையத்துப் பிள்ளை ஒன்று ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வியை மூன்று நாள் அரங்கப் பயிற்சியில் கேட்க முடியாது. பக்கத்துச் சந்து சேவிகாக்களோடு உட்காரும் கூட்டத்தில் கேட்கலாம். ஆனால் அந்த நேரத்தைத்தான் கைப்பேசிப் பதிவுகளும் நிலுவைக் கணக்குகளும் விழுங்கிவிடுகின்றன.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் ஒரு மையத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் மராத்தி அல்லாத மொழி பேசுகிறவர்கள் என்றால், அங்கே நியமிக்கப்படும் சேவிகாவுக்கு மராத்தியோடு அந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது 2023 முதல் நியமன விதிகளில் இருக்கிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் விண்ணப்பிக்கும்போது இதைக் கவனிக்கத் தவறக் கூடாது. மற்ற தகுதிகள்: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 35 வயது, கைம்பெண்களுக்கு 40 வரை, அதே பகுதியில் குடியிருப்பு. மையத்தின் பதிவுகளை ஏற்றுவதற்காக 2021-இல் வந்த போஷண் டிராக்கர் செயலியிலும் தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. பயிற்சி மட்டும் பெரும்பாலும் மராத்தியில்தான் நடக்கும்.

மான்தன் கணக்கு

2018 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை சேவிகாவுக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். இதை மத்திய அரசும் மாநிலமும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம். தில்லி, பெங்களூரு, மும்பை என்று ஊருக்கு ஊர் தொகை மாறுவது அதனால்தான்.

மகாராஷ்டிரத்தில் 2023 டிசம்பர் 4 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 2024 ஜனவரி இறுதி வரை நீண்டது. 2024 அக்டோபரில் மாநில அரசு உயர்வை அறிவித்தது. சேவிகாவுக்கு 5,000, உதவியாளருக்கு 3,000 கூடியது என்று செய்தி பரவியது. உள்ளே பார்த்தால் நிலையான உயர்வு குறைவு: சேவிகாவுக்கு 10,000 ரூபாய் 13,000 ஆனது, உதவியாளருக்கு 5,500 ரூபாய் 7,500 ஆனது. மீதி 2,000, 1,000 ரூபாய் வேலையின் அளவைப் பொறுத்து வரும் ஊக்கத்தொகை. பதிவுகள் குறைந்தால் அதுவும் குறையும். பாஸ்புக்கில் எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மையத்தோடு குழந்தைக் காப்பகமும் சேர்ந்து ‘பால்னா’ திட்டத்தில் நடந்தால் சேவிகாவுக்கு மாதம் 1,500 ரூபாயும் உதவியாளருக்கு 750 ரூபாயும் கூடுதலாக உண்டு.

காப்பீடு, விடுப்பு, பதவி உயர்வு

மகப்பேறுக்கு 180 நாள் ஊதியத்துடன் விடுப்பு, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு. 18 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்குப் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. 59 வயது வரை சுரக்‌ஷா காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. இவற்றில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா, நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். மணமாகும் முன் வேலைக்குச் சேர்ந்த பலரின் தாளில் இன்னும் அப்பா பெயரே இருக்கும். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் எல்லாச் சேவிகாக்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு அறிவிக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு.

18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள் பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத்திலும் சேரலாம். மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அரசும் அதே அளவு கட்டும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போதைய 13,000-மும் ஊக்கத்தொகை 2,000-மும் சேர்ந்து சரியாக அந்த எல்லையில் நிற்கின்றன. சேர நினைப்பவர்கள் அடுத்த உயர்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பதவி உயர்வில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களுக்குச் சேவிகா பணியிடங்களில் 50 விழுக்காடு. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள சேவிகாக்களுக்கு மேற்பார்வையாளர் பணியிடங்களில் 50 விழுக்காடு. கல்வித் தகுதி போன்ற மற்ற நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். பத்தாம் வகுப்போடு நிறுத்திய உதவியாளர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவைத்தால், எந்தத் தனியார் டிப்ளமோவையும்விட அது கைகொடுக்கும்.

பணிக்கொடை

2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. அங்கன்வாடி மையம் ஒரு நிறுவனம். அங்கே தரப்படும் மதிப்பூதியம் கூலியே. ஆகவே 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் சேவிகாவுக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்றது. வழக்கு குஜராத்தின் தாகோத் மாவட்டத்திலிருந்து வந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். அந்தப் பழைய சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. கணக்கிடும் முறை மாறவில்லை.

கடைசியாக வாங்கிய மாதத் தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் என்றால் ஓராண்டுக்கு 7,500. இருபத்திரண்டு ஆண்டு பணி செய்தவருக்கு 1,65,000 ரூபாய் ஆகிறது. உதவியாளரின் 7,500 ரூபாய்க்கு இதே கணக்கில் ஏறத்தாழ 95,000 வரும். குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்ச்சியாகப் பணி செய்திருக்க வேண்டும்.

மகாராஷ்டிர அரசு ஓய்வின்போது சேவிகாவுக்கு 1 லட்சமும் உதவியாளருக்கு 75,000-மும் ஒருமுறைத் தொகையாகத் தருகிறது. இது பணி ஆண்டுகளைப் பார்க்காத வேறு தொகை. இதையே பணிக்கொடை என்று யாராவது சொன்னால், ஆண்டுக் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

பணிக்கொடை தானாக வந்து சேராது. விண்ணப்பத்தைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் வட்டியோடு கேட்கலாம். மறுத்தால் தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வேலையில் சேர்ந்த தேதிக்கான சான்று. நியமன ஆணை, முதல் மதிப்பூதியம் வரவான பாஸ்புக் பக்கம், பயிற்சிச் சான்றிதழ்கள் மூன்றும் இருந்தால் போதும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வீடுகளில் இருப்பவர்கள் இவற்றை இப்போதே கைப்பேசியில் படமெடுத்து, டிஜிலாக்கரிலோ வேறொருவர் கைப்பேசியிலோ ஒரு படி வைத்துவிடுங்கள்.