அலுமினிய ஆர்முக்கு காஸ் நெருப்பு பிடிக்காதீர்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார், இந்த வருடத்தில் நான்காவது ஆள். பள்ளத்தில் இறங்கி வளைந்த லோவர் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கீழ்க் கையை, கராஜில் காஸ் நெருப்பால் சூடாக்கி நிமிர்த்தி, கறுப்புப் பெயின்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். "புதுசு மாதிரித்தானே இருக்கு, சேர்" என்கிறார்.

இப்படியான அலுமினிய ஆர்ம்கள் ஃபோர்ஜிங்கில், அதாவது சூடான உலோகத்தை அமுக்கி உருவாக்கும்போது, அச்சுக்குள் எப்படி உருவெடுக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். 450, 500 பாகைக்குச் சூடான அலுமினியத்தைப் பிரஸ் அமுக்கும்போது எந்த மூலை நிரம்பாது, எங்கே உலோகம் தன்மேலேயே மடியும் என்று அச்சு வெட்டும் முன்பே பார்த்துவிடலாம். மடிப்பு விழுந்தால் நாளைக்கு வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அமுக்கும் வேகத்தாலேயே உலோகம் இன்னும் சூடேறும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உராய்வைத் தப்பாகக் கொடுத்தால் மென்பொருள் வர்ணப் படம் போட்டுப் பொய் சொல்லும். சின்னச் சின்ன வெப்ப வித்தியாசத்துக்காக நாள்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒருவர் கையால் நெருப்பைக் காட்டுகிறார்!

கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இரும்பையும் இப்படித்தானே நிமிர்த்துறோம், இது சிவக்கக்கூட இல்லையே." ஐயா, அலுமினியம் சிவந்து காட்டாது. சிவக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி விழும். உருகாவிட்டாலும் பலம் போய்விடும். அந்தப் பலம் பிரஸ்ஸில் அமுக்கியதால் மட்டும் வந்ததல்ல. ஃபோர்ஜிங் முடிந்து, 530 பாகையளவில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, பிறகு 170 பாகையளவில் மணிக்கணக்காக வைத்திருந்து வரவழைத்தது. 300 பாகையைத் தாண்டிய நெருப்பு அதைச் சில நிமிடங்களிலேயே அழித்துவிடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. சாயம் ஊற்றி வெடிப்புப் பார்க்கும் சோதனையிலும் தேறிவிடும், ஏனென்றால் அது வெடிப்பை மட்டும்தான் காட்டும்.

காந்தம் வைத்துப் பாருங்கள். ஆர்மின் முனைத் துளையில் இருக்கும் புஷ்ஷில் வைக்காதீர்கள், அது இரும்பு. ஆர்மின் உடம்பில் ஒட்டாவிட்டால் அலுமினியம். வளைந்திருந்தால் சூடாக்கவும் வேண்டாம், அடித்து நிமிர்த்தவும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். மாற்றுங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்தது வாங்குவதானால், புதுப் பெயின்ட் பூசியதைத் தொடாதீர்கள். அலுமினிய ஆர்முக்கு யாரும் சும்மா பெயின்ட் அடிப்பதில்லை. விலை கூடத்தான், தெரியும். தயவுசெய்து இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், கழற்றிய ஆர்மைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். அதை நிமிர்த்தி இன்னொருவர் காரில் பூட்டாதபடி, கேட்டு வாங்கி, இரண்டாக அறுத்துப் பழைய உலோகக்காரருக்குக் கொடுங்கள்.