சரவுண்ட்: வட்டமே இல்லாத சொல்

கோத்தகிரியில் நண்பர் வீட்டு முன்னறையில் ஐந்து ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. சோபாவுக்குப் பக்கத்தில், தாழ்ந்த ஒலிகளுக்கென்று ஒரு கனத்த பெட்டி. நாலா பக்கமிருந்தும் ஒலி வந்து சேரும் இந்த அமைப்பை, வருகிறவர்களிடமெல்லாம் 'சரவுண்ட்' என்று பெருமையாகச் சொல்வார். அவருடைய அம்மா ஒரு நாள், "அதற்குத் தமிழில் என்னப்பா?" என்று கேட்டுவிட்டார். நண்பர் தயங்காமல் 'சுற்றொலி' என்றார். எனக்கு அது ஒட்டவில்லை.

சரவுண்ட் என்பதற்குள் 'ரவுண்ட்' ஒளிந்திருப்பதுபோல் தெரிவதால் வந்த வினை இது. பிறப்பால் அந்த இரண்டுக்கும் உறவில்லை. இலத்தீனில் 'உண்டா' என்றால் அலை. 'சூப்பர்' என்றால் மேல். இவை சேர்ந்து உண்டான வினைச்சொல்லுக்குக் கரைமீறிப் பொங்குதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் வெள்ளத்தில் மூழ்கடிப்பதையே அது குறித்தது. பிறகு ஆங்கிலேயரின் காதும் நம் காதைப்போலவே ஏமாந்தது. ரவுண்ட் என்ற ஓசையைக் கேட்டு, 17ஆம் நூற்றாண்டளவில் வளைத்து நிற்பது என்ற பொருளை ஏற்றிவிட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவருவதைக் கோத்தகிரியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய பொருள் விளங்கும். மேகம் வட்டம் போட்டுக்கொண்டு வருவதில்லை. தேயிலைச் சரிவின் விளிம்பில் பொங்கி, சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, வாசலுக்கு வந்துவிடும். அப்போது நாம் 'பனி சுற்றிவிட்டது' என்றா சொல்கிறோம்? 'பனி சூழ்ந்துவிட்டது' என்கிறோம். செய்தித்தாள்களும் 'வெள்ளம் சூழ்ந்த கிராமம்' என்றே எழுதுகின்றன. ஆங்கிலச் சொல் தொலைத்த அலையும் பிற்பாடு பெற்ற வளைப்பும் 'சூழ்' என்ற ஓரசைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே என் கட்சி சூழொலி.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. சூழொலி ஒரு வினைத்தொகை: சூழ்ந்த ஒலி, சூழ்கின்ற ஒலி, சூழும் ஒலி. சுற்றொலியையும் அப்படிப் பிரித்தால் சுற்றுகின்ற ஒலி என்று வரும். மின்விசிறிதான் நினைவுக்கு வருகிறது. சுற்றுவது, பாட்டுப் பதிந்த வட்டு மட்டுமே.

அந்த வட்டின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்தது சூப்பர் ஆடியோ சிடி. அந்தச் 'சூப்பர்'தான் சரவுண்டின் முதல் எழுத்துகளிலும் தேய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. சாதாரணக் குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் குறித்துக்கொள்ளும். சூப்பர் வட்டோ ஒரே பிட்டில், நொடிக்கு 28,22,400 முறை குறிக்கிறது. ஆறு தடங்கள் வரை கொள்ளும். இதை 5.1 என்பார்கள்: ஐந்து, ஒலிபெருக்கிகளுக்கு; அந்தப் புள்ளி ஒன்று, கனத்த பெட்டிக்கு உரிய தாழ்வொலித் தடம். இப்படி நுணுக்கமாகப் பதிவதற்கு ஆங்கிலத்தில் 'ஹை ரெசல்யூஷன்' என்று பெயர்; அதை உயர்தெளிவு என்று எழுதுகிறார்கள். அது படத்துக்குப் பொருந்தும். ஒலிக்கு நுண்பதிவு என்றால் போதும் என்பேன். நண்பர் கேட்கும் ஜாஸ் இசையின் பெயரை மட்டும் ஜாஸ் என்றே விட்டுவிடலாம். 1912இல் கலிஃபோர்னியாவின் பேஸ்பால் பேச்சில் அச்சேறி, பிறகு இசைக்குத் தாவிய சொல் அது. அதைப் பெயர்த்தால் உயிர் போய்விடும்.

நண்பர் அடிக்கடி போடுவது ஜாஸ் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தொகுப்பு. 1959இல் நியூயார்க்கில், தேவாலயமாக இருந்து பின் ஒலிப்பதிவுக்கூடமான ஒரு கட்டடத்தில், மூன்று தட நாடாவில் பதிவானது. மூன்று தடத்தில் பதிந்ததை ஐந்து பெட்டிகளுக்கு எப்படிப் பங்கிடுவது? எக்காளத்தைத் தூக்கி நம் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அபத்தமாக இருக்கும். கருவிகள் முன்னே நிற்க, பின்னாலிருந்து அந்த உயர்ந்த கூடத்தின் முழக்கம் மெல்ல வந்து சேர்வதுதான் அழகு. எதுவும் நம்மைச் சுற்றி ஓடவில்லை, அறை நிரம்புகிறது. மழை நாளில் தகரக் கூரையும் சேர்ந்துகொள்ளும். அதற்குத் தனித் தடம் தேவையில்லை.

சூழ்தலுக்கு ஆராய்தல் என்றும் பொருள் உண்டு. 'சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்கிறது குறள் (445): ஆராய்ந்து சொல்லும் அமைச்சரை ஆராய்ந்து தேர்ந்துகொள் என்பது கருத்து. அந்த நல்ல சொல்லிலிருந்து பிறந்த சூழ்ச்சி, இன்று சதிக்குப் பெயராகிவிட்டது. என் கட்சிக்கு உள்ள ஒரே பலவீனம் இதுதான்.

அது சென்ற மாதமே வெளிப்பட்டது. நண்பர் ஒருவழியாக இணங்கி, அலமாரியில் 'சூழொலி வட்டுகள்' என்று சீட்டு எழுதி ஒட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று படித்தார்.

"யாருக்கு எதிராகப்பா?"