காதில் வடிவது வெறும் தண்ணீர் என்றால்

காதில் சீழ் வடிவது வடசென்னையில் யாருக்கும் புதிதில்லை. சின்ன வயதில் ஆரம்பித்தது, சளி பிடித்தால் வரும், சொட்டு மருந்து விட்டால் நிற்கும் என்று அதோடேயே பழகிப்போனவர்கள் ஏராளம். அந்தப் பழக்கத்தில்தான் வேறொன்று கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. சீழ் பிசுபிசுப்பாக இருக்கும், பல நேரம் நாறும். நிறமும் வாடையும் இல்லாமல் தண்ணீராகச் சொட்டினால், அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம்.

பெரியவர் ஒருவரின் உடலில் இந்த நீர் சுமார் 150 மி.லி. இருக்கும், தினமும் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கும். அதனால் வற்றிவிடுமோ என்பதல்ல மருத்துவர்களான எங்கள் பயம். நீர் வெளியே வருகிற வழியில் கிருமி உள்ளே போகும். பிறவியிலேயே உள்காது சரியாக அமையாத சில குழந்தைகளுக்கு, மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த பிறகுதான் கசிவு இருப்பதே தெரியவரும்.

எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய் விழுந்து, காதெலும்பு உடைந்து வருகிறவர்கள் ஒரு வகை. இவர்களில் பெரும்பாலோருக்குத் தலையை உயர்த்திப் படுத்து ஓய்வெடுத்தாலே ஒரு வாரம், பத்து நாளில் கசிவு தானாக நின்றுவிடும். காதில் பஞ்சை அடைக்காதீர்கள், எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. செலவுக்குப் பயந்து வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.

இன்னொரு வகையில் அடியே பட்டிருக்காது. காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் கனத்த உடம்பு. அரிவாள்மனையில் குனிந்தால் மூக்கின் ஒரு பக்கம் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகும், தொண்டையில் உப்புக் கரிக்கும். அதே பக்கக் காது அடைத்திருந்தது. சைனஸ் என்று மாத்திரை தின்றுகொண்டிருந்தார். செவிப்பறையில் ஓட்டை இல்லாவிட்டால் நீர் காது வழியாக வராது. நடுக்காதிலிருந்து குழாய் வழியே மூக்குக்கு இறங்கிவிடும். சொட்டியதைக் குப்பியில் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்பினோம். மூளை நீரில் இருக்கும், மூக்குச் சளியில் இல்லாத புரதம் அது. அவர் கொடுத்ததில் அது இருந்தது. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்ததில் ஓட்டையின் இடமும் தெரிந்துவிட்டது.

“மண்டையைத் திறக்கணுமா டாக்டர்?” என்றுதான் முதலில் கேட்டார். எப்போதும் வேண்டியதில்லை.

காதின் கூரையும் மூளையின் தரையும் ஒரே மெல்லிய எலும்பு. மொட்டை மாடி ஒழுகினால் கீழே அறையிலிருந்தும் பூசலாம், மேலே ஏறியும் பூசலாம் இல்லையா, அப்படித்தான் இதுவும். ஓட்டை சின்னது, பின்பக்கம் இருக்கிறது என்றால் காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருக்கும் மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, கீழிருந்தே அடைத்துவிடலாம். சீழ்க்காதும் சேர்ந்திருந்தால் அதையும் அப்போதே சுத்தம் செய்யலாம். ஓட்டை பெரிது, பல இடத்தில் இருக்கிறது, அல்லது கேட்கும் சிற்றெலும்புகளுக்கு நேர் மேலே இருக்கிறது என்றால் காதுக்கு மேலே மண்டையோட்டில் ஒரு சிறு ஜன்னல் திறந்து, மூளையை உறையோடு மெல்ல உயர்த்தி ஒட்டுப்போடுவோம். மேலிருந்து போட்ட ஒட்டை மூளையின் அழுத்தமே இறுக்கிப் பிடிக்கும், கேட்கும் எலும்புகளையும் தொட வேண்டாம். இதற்கு நரம்பியல் அறுவை மருத்துவரும் கூட நிற்பார். சிலருக்கு இரண்டு வழியும் சேர்ந்தே தேவைப்படும். கேட்கும் திறன் ஏற்கெனவே முழுக்கப் போய்விட்டவர்களுக்கு, வயிற்றுக் கொழுப்பை எடுத்து உள்ளே நிரப்பி, காதுத் துவாரத்தையே தைத்து மூடிவிடுவதும் உண்டு. காது மடல் அப்படியே இருக்கும்.

ஒட்டுக்குப் பெரும்பாலும் உங்கள் உடம்பிலிருந்தே எடுப்போம்: நெற்றிப்பொட்டுத் தசையின் மேல் சவ்வு, காதின் குருத்தெலும்பு. ஸ்கேனைப் பார்க்கும் முன்பே ‘இந்த வழிதான்’ என்று முடிவு சொல்கிறவரை விட்டு இன்னொருவரையும் கேளுங்கள் என்பேன். தலைக்குள் அழுத்தம் அதிகமாக இருந்தால் நல்ல ஒட்டும் மறுபடி கசியும். உடல் எடையையும், இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டையையும் பார்த்தே ஆக வேண்டும்.

அறுவை முடிந்த அப்புறம், சில வாரங்களுக்கு மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, தும்மலை வாயைத் திறந்து விட வேண்டும், மலம் கழிக்க முக்கக் கூடாது. லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் எழுதுகிறேன்.