கேல் எரிமலை வாய் அல்ல, மோதுபள்ளம்

செவ்வாயைப் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில் நேற்று மறுபடியும் கேட்டேன்: "கியூரியாசிட்டி ஊர்தி கேல் எரிமலை வாயில் இறங்கியது." எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கேல் எரிமலையே இல்லை. 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விண்ணிலிருந்து வந்த ஒன்று மோதித் தோண்டிய பள்ளம் அது, குறுக்களவு 154 கிலோமீட்டர்.

இப்படிப்பட்ட பள்ளத்தை ஆங்கிலத்தில் கிரேட்டர் (crater) என்கிறார்கள், அது கிரேக்கச் சொல். மதுவில் தண்ணீர் கலக்கும் அகன்ற கலத்துக்குப் பெயர். இலத்தீன் வழியே எரிமலை வாய்க்கு வந்து, பிறகு நிலாவின் வட்டக் குழிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவையும் எரிமலை வாய்களே என்று பலர் வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பள்ளத்தையே நீராவி வெடித்து உண்டானது என்று 1890களில் நிலவியலாளர் கில்பர்ட் சொன்னார், கடும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கோயசைட் என்ற கனிமத்தை நிலவியலாளர் ஷூமேக்கரும் சகாக்களும் 1960இல் அங்கே காட்டிய பிறகுதான் மோதல் என்பது உறுதியானது. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் அந்தப் பழைய குழப்பத்தைத் தமிழுக்குள் புதிதாகக் கொண்டுவருகிறார்கள்.

கேலில் இந்தத் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அதன் நடுவில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு ஷார்ப் மலை நிற்கிறது. எரிமலை வாய், நடுவில் மலை என்றால் பள்ளிப் பிள்ளை என்ன நினைக்கும்? உண்மையில் அது நீரும் காற்றும் கொண்டுவந்து அடுக்கடுக்காகப் படிய வைத்த பாறை. 2012 ஆகஸ்டில் இறங்கிய ஊர்தி சில வாரங்களிலேயே ஓடும் நீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களைக் கண்டது, மறு ஆண்டு துளையிட்ட சேற்றுப்பாறையில் களிமண் கனிமங்கள் கிடைத்தன. ஒரு காலத்தில் ஏரி கிடந்த இடம்! அதைப் போய் எரிமலை வாய் என்றால் அந்த ஊர்தி கண்டுபிடித்த அத்தனையும் தலைகீழாகிவிடுகிறது.

சரி, வேறு சொற்கள்? வெறும் பள்ளம் என்றால் சாலையில் இருப்பதும் பள்ளம்தான். கிண்ணக்குழி அழகான சொல், கிரேக்கக் கலத்துக்கும் பக்கத்தில் வருகிறது, ஆனால் உருவத்தைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு கேல் போன்ற பெரியவை கிண்ணமாகவும் இல்லை, தாம்பாளம் போலத் தட்டையானவை. 'விண்கல் வீழ் பள்ளம்' என்பதைப் பலர் விரும்புகிறார்கள், எனக்கு அதில் இரண்டு மனக்குறை. விண்கல் என்பது தரைக்கு வந்து மிஞ்சும் கல். இவ்வளவு பெரிய மோதலில் வந்த பொருள் பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடும். அப்புறம், வீழ்தல் என்பது மாங்காய் விழுவதற்கும் பொருந்தும். இங்கே நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதி, அந்த அதிர்ச்சி அலைதான் தரையை வாரி எறிகிறது. அதனால்தான் சாய்வாக வந்து மோதினாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே அமைகிறது.

மோதுபள்ளம் என்பதே என் தேர்வு. பள்ளமா மோதியது என்று கேட்பவர்களுக்கு: சுடுகாட்டில் காடா சுடுகிறது? விளைநிலம், உறைவிடம் எல்லாம் அதே வார்ப்புதான். எரிமலை வாய் என்ற நல்ல சொல்லை செவ்வாயின் ஒலிம்பசு போன்ற உண்மையான எரிமலைகளின் உச்சிக்கு விட்டுவைப்போம். எழுதும்போது நடுவில் 'ப்' போட்டு மோதுப்பள்ளம் ஆக்கிவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.