பொக்: கிடா முத்திரை விழுந்த பீரின் பெயர்

ஜெர்மன் பீர் பாட்டிலின் சீட்டில் கொம்பு முறுக்கிய கிடா நின்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் ‘பொக்’ வகைப் பீர். பவேரியாவின் ஐயிங்கர் ஆலை ஒரு படி மேலே போய், தன் ‘செலிப்ரேட்டர்’ பாட்டிலின் கழுத்தில் சின்னஞ்சிறு வெள்ளைக் கிடாப் பொம்மையை நூலில் கட்டித் தொங்கவிடுகிறது. ஜெர்மன் மொழியில் பொக் என்றால் வெள்ளாட்டுக் கிடாதான். ஆனால் அந்தப் பீருக்கும் கிடாவுக்கும் எந்த உறவும் கிடையாது.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜெர்மன் உச்சரிப்பில் ஒகரம் குறில்; ஆகவே ‘பொக்’ என்பதே சரி. ஆங்கிலத்தின் வழியாக ‘பாக்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. எழுதலாம், படிக்கிறவருக்கு மைசூர் பாக் நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்லக் கூடாது.

சொல்லின் வேர் ஓர் ஊர்ப் பெயர். வட ஜெர்மனியில், இன்றைய கீழ் சாக்சனி மாநிலத்தில், ஐன்பெக் என்ற சிறு நகரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பீரைப் பற்றிய எழுத்துச் சான்று 1378ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கிறது. ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்திருந்த ஊர் என்பதால் அதன் பீர் நெடுந்தூரம் போய் விலையானது. ஊரில் குடியுரிமை பெற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே பீர் காய்ச்சினார்கள். கொப்பரை மட்டும் நகரத்துக்குச் சொந்தம். முறை வைத்து வீடு வீடாகப் போகும். அது உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகவே வாசல்களை உயரமான வளைவுகளாகக் கட்டினார்கள். அந்த வளைவு வாசல்களை ஐன்பெக்கின் பழைய மரச்சட்ட வீடுகளில் இன்றும் பார்க்கலாம். 1521இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுப் பேரவையின் முன் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் நின்றபோது, ஒரு பிரபு அவருக்கு ஐன்பெக் பீர் கொடுத்தனுப்பினார் என்றும் சொல்வார்கள்.

தெற்கே மியூனிக்கில் இருந்த பவேரியக் கோமகன்களுக்கும் அந்தப் பீர்தான் பிடித்திருந்தது. 400 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பீப்பாய் பீப்பாயாக வரவழைத்தால் கஜானா என்னாகும்? செலவைக் குறைக்க ஐந்தாம் வில்லியம் 1589இல் சொந்தமாகவே ஓர் ஆலையைத் தொடங்கினார். இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஹோஃப்பிராய்ஹவுஸின் தொடக்கம் அதுதான். அவருடைய மகன் முதலாம் மாக்ஸிமிலியன் காலத்தில், 1614இல், எலியாஸ் பிக்லர் என்ற பீர் வல்லுநரை ஐன்பெக்கிலிருந்தே அழைத்துவந்து வேலையில் அமர்த்தினார்கள். பீரோடு பெயரும் தெற்கே வந்தது. பவேரியர்களின் நாவில் ஐன்பெக் ‘ஐன்பொக்’ ஆனது. ‘ஐன்’ என்றால் ஜெர்மனில் ‘ஒரு’. கடையில் நின்று ‘ஐன் பொக்’ கேட்பவர் ஒரு கிடா கேட்பதாகக் காதில் விழும். காலப்போக்கில் ‘ஐன்’ எண்ணாகிப் பிரிந்துபோக, ‘பொக்’ பெயராக நின்றுவிட்டது. சீட்டு அச்சிட்டவர்கள் கிடாவை வரைந்து அதற்கு முத்திரையும் குத்திவிட்டார்கள்.

பெயருக்கு வேறு கதைகளும் உலவுகின்றன. மகர ராசிக் காலத்தில் காய்ச்சியதால் வந்த பெயர் என்பார்கள். குடித்தவரைக் கிடா முட்டியதுபோல் தள்ளிவிடும் என்பார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவும்போது அடியில் தங்கியதை வழித்தெடுத்ததுதான் பொக் என்றுகூட நம்பினார்கள். கடைசிக் கதை சுத்த அபாண்டம்.

இனி பொருள். ஜெர்மனியில் பொக் என்று பெயரிட, நொதிக்கும் முன் உள்ள சாற்றில் கரைபொருள் குறைந்தது 16 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் சாற்றில் 16 கிராம், பெரும்பாலும் தானியச் சர்க்கரை. சாதாரணப் பீரில் இது 11, 12 அளவில் நிற்கும். தானியம் கூடினால் ஆல்கஹாலும் கூடும். கருநிறப் பொக்கில் அது ஏறத்தாழ 6.3 முதல் 7.2 விழுக்காடு வரை. ஆகவே பொக் என்ற சொல் முதலில் குறிப்பது செறிவை. நிறம் அடுத்ததுதான். வசந்த காலத்தில் வரும் மைபொக் பொன்னிறமானது, அதுவும் பொக்தான்.

கருநிறப் பொக்கைச் சுவைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் ‘மால்ட்டி’. தமிழில் எழுதுகிறவரைத் திண்டாட வைக்கும் சொல்லும் இதுதான். மால்ட் என்பது நனைத்து, முளைவிடச் செய்து, உரிய நேரத்தில் சூட்டில் உலர்த்திய தானியம். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பிறகு அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கலைச்சொல் பட்டியல்களில் இதற்கு ‘மாவூறல்’ என்று ஒரு சொல் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மாவு ஊறுவது அடுத்த கட்டம். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும் வேலைக்கு வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும். மால்ட்டுக்கு ‘முளைதானியம்’ என்பதே போதும். ராகி மால்ட் வாங்கும் வீடுகளுக்கு ‘மால்ட்’ என்ற சொல்லும் அந்நியமில்லை.

தானியத்திலிருந்து மது செய்யும் வித்தையும் தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை ‘இல்லடு கள் இன் தோப்பி’ என்கிறது. வீட்டில் சமைத்த நெற்கள்ளைத்தான் தோப்பி என்றார்கள். அதே நூல் வேறோர் இடத்தில் அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. இதை வைத்துப் பீருக்கே தோப்பி என்று பெயரிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் அது நெல்லின் மது. பார்லியும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் சேர்ந்த பீரின் தலையில் அதைக் கட்டினால் இரண்டுக்கும் நியாயமாகாது. பீர் பீராகவே இருக்கட்டும்.

‘மால்ட்டி’யை ‘இனிப்பான’ என்று மொழிபெயர்ப்பதுதான் பெரிய பிழை. இனிப்பு நாக்கில் தெரிவது; மால்ட்டின் குணம் பெரும்பகுதி மூக்கில் தெரிவது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி இரும்புச் சட்டியில் வறுக்கும்போது அடுக்களையில் எழும் வாசனை இதற்கு மிக நெருங்கிய உறவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி நிகழ்த்தும் வேதிவினை. 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மயார் பெயரால் மயார் வினை என்கிறோம். வெளிர் மால்ட்டை 80 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்தினால், பொக்குக்கு உயிரான மியூனிக் மால்ட்டை 100 டிகிரியை ஒட்டி உலர்த்துகிறார்கள். பழைய முறை ஆலைகளில் ஊறலின் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் அதிலேயே கொட்டுவார்கள். அப்போது மயார் வினை இன்னொரு சுற்று நடக்கும். இந்த மணத்துக்கு ‘முளைமணம்’ என்று நான் எழுதுவேன். சுவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘முளைதானியச் சுவை’.

கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பொக்கைப் பனிபோல் குளிரவைத்துக் குடிப்பது வீண். குளிரில் மணம் ஒடுங்கிவிடும். 8 முதல் 12 டிகிரி வரை சரி. மேசையில் வைத்துப் பார்த்தால் கருப்பாகத் தெரிவது, விளக்குக்கு நேரே தூக்கினால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பாக ஒளிரும். மேலே பழுப்பேறிய வெண்ணுரை. மோந்தால் ரொட்டியின் சிவந்த மேல்தோல், கொஞ்சம் கருகாத கேரமல். முதல் மிடறில் இனிப்பு போல் ஒன்று வந்து நாக்கின் நடுவில் கனமாக உட்காரும். விழுங்கியபின் தித்திப்பு ஒட்டிக்கொள்ளாமல் விலகிவிட வேண்டும், வாசனை மட்டும் தங்க வேண்டும். ஹாப்ஸின் கசப்பு சமன்செய்யும் அளவுக்கே இருக்கும். காப்பிக்கொட்டை கருகிய சுவை வந்தால் அது ஸ்டௌட் வகையின் குணம். பொக்குக்கு அது பொருந்தாது. பழ வாசனை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். பொக் லாகர் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிரில் மெதுவாக நொதித்து, பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், உறைநிலைக்கு அருகே கிடந்து பதமாவது. ஈஸ்ட் தன் வாசனைகளை அடக்கிக்கொள்வதால்தான் முளைமணம் தனித்து நிற்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப் பட்டுக் கெட்ட பாட்டில், திருப்பிக் கொடுக்கலாம்.

ஒரு கணக்கு: 7 விழுக்காடு பொக் அரை லிட்டரில் சுமார் 28 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 5 விழுக்காடு பீரில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுவையின் மென்மை இதை மறைத்துவிடும்.

‘டோப்பல்பொக்’ என்றால் இரட்டைப் பொக். ஆனால் ஆல்கஹால் இரண்டு மடங்கு என்று பொருளில்லை. நொதிக்கும் முன் சாற்றின் கரைபொருள் குறைந்தது 18 விழுக்காடு, அவ்வளவுதான். மியூனிக்கின் பவுலானர் துறவிகள் தவக்கால நோன்பில் திரவ ரொட்டியாகக் குடித்த கனமான பீரே இதன் மூதாதை. அதன் பெயர் ‘சால்வட்டோர்’, லத்தீனில் மீட்பர். பல ஆலைகள் அதே பெயரை எடுத்தாளத் தொடங்க, 1896இல் அது வணிகக் குறியாகப் பதிவானது. மற்றவர்கள் வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்: ஒப்டிமட்டோர், மாக்ஸிமட்டோர், டிரியும்ஃபட்டோர். ‘அட்டோர்’ என்று முடியும் பெயரைக் கண்டால் டோப்பல்பொக் என்று ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஜெர்மனியைத் தாண்டினால் சொல்லின் பொருள் நெகிழ்ந்துவிடுகிறது. பிரெஞ்சில் பொக் என்பது ஒரு சிறு கோப்பை அளவு பீர். என்ன பீர் என்ற கேள்வியே இல்லை. டெக்சாஸின் ஷைனர் பொக் 4.4 விழுக்காடுதான், சீட்டில் கிடா இருக்கிறது, ஆனால் ஜெர்மன் விதிப்படி அந்தப் பெயருக்கு அதற்கு உரிமை கிடையாது. தமிழில் எழுதும்போது ‘கிடா பீர்’ என்று மொழிபெயர்ப்பது ஓர் ஊர்ப் பெயரை விலங்காக்குவது. ‘பொக் பீர்’ என்றே எழுதி, தேவைப்படும் இடத்தில் ‘செறிவான ஜெர்மன் லாகர்’ என்று விளக்கிவிட்டுப் போகலாம்.