அப்பாவின் அம்பாசடர் ஸ்டார்ட் ஆகிவிட்டது, பிரேக் பிடிக்குமா?

ஒர்க்‌ஷாப்பில் வண்டி ரெடியாகும் வரை உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு பழைய காரில் போய்த்தான் நிற்கும். அப்பா வாங்கிய அம்பாசடர், மாமா வீட்டு பத்மினி, கடன் போட்டு எடுத்த முதல் மாருதி 800. இப்போது ஓட்டுகிற காரின் டயர் சைஸ் தெரியாதவர்கூட அந்தப் பழைய காரின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்தப் பாசத்துக்குக் காரணம் இருக்கிறது. அறுபது, எழுபதுகளில் சாதாரணக் குடும்பத்துக்குக் கார் என்றால் மூன்றே பெயர்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசடர் ஒன்று. பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100-ஆகத் தொடங்கிப் பின்னால் பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறியது இன்னொன்று. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளில் கடைசி வண்டி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. மூன்றாவது நம் ஊர்க்காரன், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்துவிட்டால், டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். மெக்கானிக்கை நினைத்து யாரோ வடிவமைத்த வண்டி என்று எனக்கு இன்றும் அதன் மேல் தனி மரியாதை. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து எடுத்த கார்கள் இவை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவி கைமாறிய பிறகுதான் அந்த நிலைமை மெல்ல மாறியது. அவ்வளவு காத்திருந்து வாங்கியதை வீட்டில் ஒருவராகவே வைத்திருந்தார்கள்.

சமீப காலமாக இந்த வண்டிகள் திரும்பி வருகின்றன. போர்ட்டிகோவில் கவர் போட்டுப் பல வருடமாக நின்றதை, பிள்ளைகள் ஆசையோடு எடுத்து வருகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துடுங்க, போதும்." இந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏனென்றால் ஸ்டார்ட் பண்ணுவது சுலபம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் வார்ப்பிரும்பு. எஞ்சின் ஜாம் ஆகாமல் இருந்தால் புது பேட்டரி போட்டு, ஸ்பார்க்குக்கான பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, நல்ல பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். வீட்டில் எல்லோரும் கை தட்டுவார்கள். அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவார்கள். அந்த முதல் ரவுண்டைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன். இரும்பு பல வருடம் தாக்குப்பிடிக்கும், ரப்பர் அப்படி இல்லை. காரை நிறுத்துவதற்கும் பெட்ரோலைக் கசியாமல் வைத்திருப்பதற்கும் பொறுப்பு அந்த ரப்பர்தான்.

முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவி நிற்கும், பெடல் தரையில் போய் முட்டும். நின்ற வண்டியில் இன்னொரு கேடும் சேர்கிறது. பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் அந்த ஈரம் துருவைப் பிடிக்க வைக்கும். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் மெதுவாக மிதிக்கும்போது கொஞ்ச தூரம்தான் நகரும், அந்த இடம் வழவழப்பாகவே இருக்கும். அதனால் தெருவுக்குள் ஓட்டும்போது பிரேக் நன்றாகப் பிடிப்பது போலவே தெரியும். திடீரென்று ஒரு குழந்தையோ பைக்கோ குறுக்கே வந்து ஓங்கி மிதித்தால், வாஷர் அதுவரை போகாத துரு பிடித்த இடத்துக்குப் போய்க் கிழியும். முதல் முறையாக முழு பிரேக் தேவைப்படுகிற நேரத்தில்தான் பிரேக் போகிறது.

பழைய மாடல்களில் இதற்கு மாற்று வழியும் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு, மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

கல்யாண ஊர்வலத்துக்கு என்று ஒரு குடும்பம் அம்பாசடரைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே வேறொரு இடத்தில் "ஃபுல் சர்வீஸ்" முடித்த வண்டி, பெயின்ட் எல்லாம் பளபளவென்று இருந்தது. பின் சக்கர டிரம்மைக் கழற்றினேன். பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தூக்கியதும் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் ஒழுகியது. பிரேக் ஷூ முழுக்க அது ஊறியிருந்தது. மாப்பிள்ளை, பெண், முன் சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று ஏற இருந்த வண்டி அது. தேதி நெருக்கத்தில் இருந்ததால் வேறு கார் ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான், எனக்கு வேறு வழி இல்லை.

எனவே நின்ற வண்டியை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், ஆயில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், புதிதின் அழுத்தம் பழையதில் போய்க் காட்டும். பிரேக் ஆயில் இல்லையென்று வேறு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மினரல் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிவிடும், அப்புறம் பிரேக் பிடித்தபடியே நிற்கும். இன்னொன்று, பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றி ஏர் அடித்து ஊதுவது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வீட்டில் தாங்களே கழற்றிப் பார்க்க ஆசைப்படும் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் புதிதாக இருந்தாலும் டிரம் பிரேக்குக்கு ஒரு எல்லை உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொன்னது இன்றைக்கும் சரி. நெடுஞ்சாலையிலும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ், அதாவது ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் உண்டு. உங்கள் முன்னால் போகிற கார் சட்டென்று நின்றுவிடும், உங்கள் அம்பாசடர் நிற்காது. இடைவெளி விட்டால் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுகிறார் என்பார்கள். புகுந்துவிட்டுப் போகட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் ஹோஸ், பம்ப்புக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, கார்புரேட்டர் வாஷர் எதுவும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஹோஸ் முதலில் மெத்தென்று ஆகும், அப்புறம் வெடிக்கும். மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்கிப் போடுங்கள். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் இருக்கிற பெட்ரோலை இறக்கிவிடுவது நல்லது. வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றால் ஈரத்துணி சுற்றுவது பழைய கைவைத்தியம், அதில் தப்பில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி பானெட்டில் தொங்கவிட்டு ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். சின்னத் தீயணைப்பான் ஒன்று டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கட்டும். டிக்கியில் வைத்தால் அவசரத்துக்குக் கைக்கு வராது.

வயரிங்கையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பழைய அம்பாசடரில் ஃபியூஸே ஓரிரண்டுதான். அதன் மேல் ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் ஹாரன், ஹாலஜன் லைட், பாட்டு செட், ஃபேன் என்று டேப் சுற்றிச் சேர்த்திருப்பார். போதாததற்கு எலி. முழு வயரிங் கட்டையும் மாற்றி, ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து, பேட்டரிக்குக் கட் ஆஃப் சுவிட்ச் போடுவதற்கு ஆகிற செலவு பெயின்ட் செலவை விடக் குறைவு. இருந்தாலும் எல்லோரும் முதலில் பெயின்ட்டைத்தான் கேட்கிறார்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதை அப்படியே கழற்றிப் போட்டுவிடுங்கள். அம்பாசடரின் 5.90-15 சைஸ் எல்லாக் கடையிலும் இருக்காது, அதனால் பழைய ஸ்டாக்கைப் புதிது என்று கொடுப்பதும் நடக்கிறது. ஸ்டெப்னியையும் பார்க்க மறக்காதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். "அந்தக் கால வண்டி, தகடு எவ்வளவு கனம் பாருங்க, இடிச்சா இடிச்சவனுக்குத்தான் நஷ்டம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். மெதுவாக உரசினால் சரி. வேகத்தில் மோதினால் கதை வேறு. இன்றைய காரின் முன்பக்கம் திட்டமிட்டே நொறுங்குகிறது. அது நொறுங்கும்போது மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருப்பவர் மீது அவ்வளவு விசை வருவதில்லை. நொறுங்காத வண்டியில் அந்த விசை மனிதர் மேல் வருகிறது. பழைய ஸ்டியரிங் தண்டு மடங்காது, நேராக டிரைவரின் நெஞ்சுக்கு எதிரே நிற்கும். முன் சீட் பெல்ட்டைக் கார்களில் பொருத்தித் தர வேண்டும் என்ற விதியே 1994-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பெல்ட்டே இருக்காது.

ஆகவே பெல்ட் பொருத்துங்கள். சீட்டின் சட்டத்தில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. தரையிலும் பக்கத் தூணிலும் தகடு கனமாக இருக்கிற இடத்தில், உள்ளே வலுவூட்டும் பிளேட் வைத்து, உயர் இழுவிசை போல்ட் போட வேண்டும். தகடு துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முன்னால் நீளமான பெஞ்ச் சீட் இருக்கிறதே என்று நடுவில் பேரனை நிற்க வைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சின்ன வயதில் நீங்கள் அப்படி நின்றுகொண்டு போயிருப்பீர்கள், அந்தச் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குச் சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் இன்றைய வேகமும் இல்லை, இத்தனை வண்டியும் இல்லை.

உதிரிப் பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கின்றன. கைப்பிடி, கண்ணாடி, கிரில், டேஷ்போர்டு மாதிரிச் சாமான்களைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், முன் சக்கரம் திரும்புகிற கிங் பின் சம்பந்தப்பட்ட எதையும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதாக வாங்காதீர்கள். வண்டியை முழுக்கச் சரிசெய்ய வசதியில்லாமல், அழகாக வைத்திருந்தால் போதும் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த பிறகு, ரோட்டில் விடாமலே வண்டியைப் பராமரிப்பது என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ரோட்டில் விடுவதானால் ஆர்.சி. உயிரோடு இருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும், அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. காலாவதியான வண்டியை ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வழியிருக்கிறது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கிற வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான்.

வைத்திருக்கவே முடியவில்லை, கொடுத்துவிடலாம் என்றாலும் எடைக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடாதீர்கள். உங்கள் அப்பா பெயரில் இருக்கிற ஆர்.சி. அப்படியே இருந்தால், அந்த நம்பரிலோ சேஸிஸ் நம்பரிலோ நாளைக்கு யார் என்ன செய்தாலும் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்த பிறகே கோப்பை மூடுங்கள். பெயர் அப்பாவுடையதாக இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு நாள் பிடிக்கும், இப்போதே தொடங்கிவிடுங்கள்.